என் வசனத்தை நீங்கள் முடிக்க வேண்டாம்

என்னைப் பற்றி இதுவரை மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். முதலாவது, வைத்தியசாலைக் கோப்பு. இரண்டாவது, மொட்டைத் தலையோடு வாய் கோணிப் படுத்திருந்த என் படத்தைப் போட்டு, "இந்தப் பிள்ளைக்காகப் பிரார்த்தியுங்கள்" என்று யாரோ முகநூலில் எழுதியது. அந்தப் படத்தை யார் எடுத்தார்கள், யாரிடம் கேட்டு எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மூன்றாவது, ஒரு கைநூலின் முன்னுரை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மூன்றுக்கும் என்னிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அதனால் நாலாவதை நானே எழுதுகிறேன். ஒரு பந்திக்கு ஒரு மாலைப்பொழுது போகிறது. போகட்டும்.

என் பெயர் தர்சிகா. ஊர் பெரியகல்லாறு. அம்மா முன்பள்ளி ஆசிரியை. அப்பா கட்டாரில் கட்டட வேலை. விபத்து நடந்தபோது எனக்குப் பதினேழு வயது, உயர்தரம் முதலாம் வருடம். அதற்கு முன்பு நான் எப்படிப்பட்டவள் என்று கேட்டால், வகுப்புக்கு ஆசிரியர் வராத நாளில் சத்தம் தொடங்கும் மூலை எதுவோ, அங்கேதான் நான் இருப்பேன். மாமி என்னை வாய்க்காரி என்பார். எனக்கு அது பிடிக்கும்.

களுவாஞ்சிகுடியில் ரியூசன் முடிந்து மச்சாளின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து வந்தேன். பொழுதுபட்ட நேரம். பிரதான வீதியின் நடுவில் மாடுகள் படுத்திருந்தன. அவை அங்கே படுக்காத நாள் இல்லை. மாட்டுக்காரருக்குத் தெரியும், பிரதேச சபைக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். என் ஹெல்மெட் ஸ்கூட்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் என்மேல். மற்றக் கோபங்களை நான் பங்குபோட்டு வைத்திருக்கிறேன்.

ஸ்கூட்டி ஒரு மாட்டில் மோதிச் சரிந்தது. மச்சாளுக்கு முழங்கால் உரசியது. எனக்குத் தலையின் இடப்பக்கம் வீதியில் அடித்தது. அதன் பின்னான பதினொரு நாட்கள் என்னிடம் இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். சி.ரி. ஸ்கானில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் தேங்கி மூளையை நெரிப்பது தெரிந்ததாம். மண்டையோட்டில் ஒரு துண்டைத் திறந்து அந்த இரத்தத்தை வெளியே எடுத்தார்கள். பிறகு அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. அதன் வாசலில் ஒரு நீள வாங்கு. காவலாளி கதவை ஒரு சாண் திறந்து நோயாளியின் பெயரைக் கூப்பிடுவாராம். யாருடைய பெயரைக் கூப்பிட்டாலும் வாங்கில் இருந்த எல்லாருமே எழும்பிவிடுவார்களாம். "உன்ர பேர்தான் கேட்டது எண்டு ஒவ்வொரு தரமும் நினைக்கிறது" என்றார் அம்மா. எந்தப் பெயருக்குப் பிறகு ஓர் அழுகை கேட்கும் என்று யாருக்கும் தெரியாது.

என்னை வாட்டுக்கு மாற்றிய பிறகு பக்கத்துக் கட்டிலில் ஏறாவூர் அம்மா ஒருவர் தன் மகளோடு இருந்தார். பார்வையாளர் நேரத்தில் வருகிற சனமெல்லாம் என் மொட்டைத் தலையையும் தையலையும் வந்து பார்த்துவிட்டுப் போவதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தன் மகளின் துப்பட்டா ஒன்றை எடுத்து என் தலையில் சுற்றிவிட்டு, "புள்ளைட தலை என்ன காட்சிப் பொருளா? போங்க, போய் உங்கட ஆக்களப் பாருங்க" என்று துரத்தினார். எனக்குப் பேச்சு வராத காலத்தில் எனக்காகச் சண்டை பிடித்தவர் அவர் ஒருவர்தான். அவர் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. கேட்க முடியவில்லை.

சொற்கள் எங்கே போயின என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கேயும் போகவில்லை. உள்ளே எல்லாம் இருக்கின்றன. வேண்டிய சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவரும் வழிதான் உடைந்துபோயிருந்தது. அதோடு நாக்கும் உதடும் சோம்பலாகிவிட்டன. ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் கேட்டவர் போய்விடுவார். சில நேரம் பிழையான சொல் வந்து விழும். முதல் முதல் நான் சொன்ன சொல் "சாவி." எனக்குத் தேவைப்பட்டது தண்ணீர். அம்மா கைப்பையைத் துழாவி அலுமாரிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதை வீசி எறிந்தேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே போய்ச் சாவியைப் பொறுக்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். சீப்பு, போர்வை, போத்தல். போத்தலுக்கு நான் கண்ணை மூடித் திறந்தேன்.

அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இருக்கவில்லை. ஒரு தாதி என் காதுக்குள் கத்தினார், எனக்குக் காது கேட்காததுபோல. வைத்தியர்கள் காலையில் கூட்டமாக வந்து என் கட்டிலுக்கு மேலாக ஆங்கிலத்தில் பேசுவார்கள். போகும்போது ஒருவர் அம்மாவிடம் கேட்பார்: "பிள்ளைக்குத் தலையிடி இருக்கா? ஒழுங்கா மலம் போகுதா? கதைக்கிறது விளங்குதா?" நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பதினேழு வயதுப் பிள்ளையின் மலத்தைப் பற்றி அவள் முன்னாலேயே அவள் தாயிடம் கேட்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. என் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் நன்றி இருந்தால் கோபம் இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பேச்சுச் சிகிச்சை அறைக்கு அம்மா சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். அங்கே பஸ்மினா மிஸ் இருந்தார். காத்தான்குடியிலிருந்து வருபவர். கொஞ்ச வயதுதான். என்னைப் பார்த்து, "தர்சிகா, நான் உங்களோடதான் கதைக்கப் போறன், அம்மாவோட இல்ல" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அடுத்த நிமிடம் மேசையில் படஅட்டைகளை அடுக்கினார். பந்து. வாழைப்பழம். தாரா வாத்து. அம்மாவின் முன்பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே அட்டைகள். அம்மாவும் கண்டுபிடித்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

"இது என்ன, சொல்லுங்க பாப்பம்?"

எனக்கு அது தாரா என்று தெரியும். சொல்ல வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இடது கையால் எல்லா அட்டைகளையும் நிலத்தில் தள்ளிவிட்டேன். மிஸ் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திட்டவில்லை. "பெரியாக்களுக்கு வேற இருக்கு, வயசானவங்களுக்குப் பாரிசவாதம் வந்தா குடுக்கிறது. இளம் புள்ளைகளுக்கெண்டு எங்களிட்ட ஒண்டும் இல்ல" என்று அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னார். பிறகு தான் யாரிடம் சொல்கிறோம் என்று உணர்ந்து, என் பக்கம் திரும்பித் திரும்பவும் அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் நிலைமை மோசமாகியது. வைத்தியசாலையில் நான் நோயாளி. வீட்டில் நான் யார்? நடக்கத் தொடங்கிவிட்டேன், தலைமுடி வளர்ந்துவிட்டது, ஆகவே சுகமாகிவிட்டேன் என்று எல்லாரும் முடிவெடுத்தார்கள். ஒரு வசனம் தொடங்கினால் போதும், மூன்று பேர் அதை முடிக்க ஓடிவருவார்கள். நான் "எனக்கு..." என்றால் "பசிக்குதா?", "தலை சுத்துதா?", "படுக்கப் போறியா?" என்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு கிழமை எடுத்தது. சிநேகிதிகள் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார்கள். நான் ஒன்று பதிவுசெய்து முடிப்பதற்குள் அவர்கள் நாலு கதை தாண்டிப் போயிருப்பார்கள். பிறகு அவர்கள் வேறொரு குழு தொடங்கினார்கள். எனக்குச் சொல்லவில்லை.

மாமி ஒருநாள் வந்து என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சிரித்தார். "ஒரு வகையில நல்லதுதான்கா. கட்டிக் குடுக்கிற வீட்டில இனி வாய் காட்ட மாட்டாள்." அம்மா மாமிக்கென்று ஊற்றிவந்த தேத்தண்ணீரைக் கொடுக்காமல் திருப்பிக் குசினிக்கே கொண்டுபோய்விட்டார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு முழுப் பதில் இருந்தது, முற்றுப்புள்ளியோடு. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

பஸ்மினா மிஸ் விடவில்லை. சில மாதங்கள் கழித்து, தலையில் அடிபட்ட இளம் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு குழு தொடங்கினார். அங்கேதான் றிஸ்வானைக் கண்டேன். ஓட்டமாவடி, பதினாறு வயது, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மேல்தட்டிலிருந்து விழுந்தவன். அவனுக்கு என் பிரச்சினைக்கு நேர்மாறு. மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் சிலருக்கு மனதில் வருவதை நிறுத்திவைக்கும் பிரேக் பழுதாகிவிடும் என்று மிஸ் விளங்கப்படுத்தினார். றிஸ்வானுக்கு மனதில் வருவதெல்லாம் வாயிலும் வரும். என்னைக் கண்டதும் அவன் சொன்னது: "உங்கட தல ஒரு பக்கம் சப்பையா இருக்கு." உண்மைதான். எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

எங்களுக்காக ஒரு திட்டம் வருகிறது, சிகிச்சையை எங்களோடு சேர்ந்தே வடிவமைக்கப் போகிறார்கள் என்றார் மிஸ். நாங்கள் நம்பினோம். ஒரு செவ்வாய்க்கிழமை போனால், அந்தத் திட்டக்காரர்கள் மூன்று பேர் வெளியூரிலிருந்து வந்து கமராவோடு நிற்கிறார்கள். மேசையில் அச்சடித்து முடிந்த கைநூல்கள். அட்டையில் "இளையோருடன் இணைந்து உருவாக்கப்பட்டது" என்று இருக்கிறது. திறந்தால் முதல் பக்கத்தில் ஒரு தாரா சிரிக்கிறது. முதலாம் பாடம், வணக்கம் சொல்வோம். இரண்டாம் பாடம், நன்றி சொல்வோம். மூன்றாம் பாடம், மன்னிப்புக் கேட்போம். முன்னுரையில் என் பெயர். "மீண்டும் பேசுவேன் என்ற கனவோடு புன்னகைக்கும் மாணவி தர்சிகா." நான் எந்தக் கனவையும் யாரிடமும் சொல்லவில்லை. புன்னகைக்கவும் இல்லை.

"புத்தகத்தப் பிடிச்சிக்கொண்டு சிரிங்க" என்றார் கமராக்காரர்.

றிஸ்வான் தாராவை உற்றுப் பார்த்தான். "இது ஏன் சிரிக்குது? இதுக்கும் மண்டை ஒடஞ்சிருக்கா?"

அவன் உம்மா பாய்ந்துவந்து கையால் அவன் வாயைப் பொத்தினார். நான் எழும்பினேன்.

"இத... ஆர்..."

"ஆர் தந்தது எண்டு கேக்கிறீங்களா? எங்கட..." என்று வந்தவர்களில் ஒரு பெண் தொடங்கினார். நான் தலையை ஆட்டினேன். திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். "இத... ஆர்... எங்களிட்ட..." "எங்களிட்ட எப்ப தருவாங்க எண்டா?" திரும்பவும் முதலிலிருந்து. எத்தனை தரம் என்று எண்ணவில்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, வெட்கம் அவர்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் யாரும் இடையில் புகவில்லை. "இத ஆர்... எங்களிட்ட... கேட்டு... எழுதினது?"

வந்தவர்கள் மூன்று பேரும் பஸ்மினா மிஸ்ஸைப் பார்த்தார்கள். எழுதியது அவர்தான் என்று அப்போதுதான் விளங்கியது. வைத்தியசாலையில் வேலைசெய்பவர்களில் என்னிடம் அன்பாக இருந்த ஒரே ஆள். அதனால் என் கோபம் இரண்டு மடங்காகியது. படம் எடுக்காமலே அவர்கள் போனார்கள். மிஸ் கதிரையில் இருந்தபடியே சொன்னார்:

"ரெண்டு மாசம் கஷ்டப்பட்டு எழுதினன் தர்சிகா. அவசரமாக் கேட்டாங்க. உங்களுக்கு நல்லது வரட்டும் எண்டுதான்."

"எங்களோட... இருந்து... எழுதல்ல."

மிஸ் அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அம்மா பஸ்ஸில் வரும்போது கேட்டார், "பாவம், அந்தப் புள்ளைய இப்படி நோகடிக்கலாமா?" நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேசையில் ஒன்றும் எழுதாத ஒரு தடித்த சி.ஆர். கொப்பி இருந்தது. "நான் பிழை விட்டுட்டன்" என்றார் மிஸ். "இப்ப சொல்லுங்க. என்ன பழக வேணும்? எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்ல."

நான் சொன்னேன், "சண்டை."

"என்ன?"

"சண்டை பிடிக்க... பழக வேணும்."

மிஸ் அதை முதல் வரியில் எழுதினார். வணக்கமும் நன்றியும் தெரியாமல் யாரும் எங்களை ஒதுக்கவில்லை. எதிர்த்துச் சொல்ல முடியாததால்தான் எங்களை ஒதுக்கினார்கள். றிஸ்வான், தான் எல்லை மீறும்போது யாராவது சொல்ல வேண்டும், ஆனால் வாயைப் பொத்தக் கூடாது என்றான். "நான் என்ன நாயா?" என்று கேட்டான். அவன் உம்மா வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு விரலால் தட்டுவது என்று அவனே முடிவுசெய்தான். உம்மாவுக்கும் அவனே பழக்கினான். சிநேகிதர்கள் தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று கண்டுபிடிக்கவும் பழக வேண்டும் என்றான். அதையும் மிஸ் அப்படியே எழுதினார்.

அறைக்குள் பழகினால் காணாது, வெளியே போக வேண்டும் என்றோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனோம். நான் என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் மிஸ் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். நான் "பே..." என்று தொடங்கினேன். கடைக்காரர் என்னைத் தாண்டி மிஸ்ஸைப் பார்த்தார். "என்ன கேக்குது இது?"

மிஸ் மேலே தொங்கிய பிஸ்கட் பக்கெட்டுகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்க வந்த பேனாவை மறந்துவிட்டேன்.

"நான்... 'இது'... இல்ல."

நான் கையால் காட்டிய பேனாவைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் இரண்டாம் தரம் போனபோது, "என்ன வேணும் மகள்?" என்று கேட்டுவிட்டு, தராசை விட்டுக் கையை எடுத்துக் காத்துநின்றார்.

எல்லாம் இப்படி வெல்லவில்லை. சண்டைப் பாடத்தில் மிஸ் மாமியாக நடிப்பார், நான் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு தரமும் அழுதுவிட்டேன். உரத்துப் பேச முயன்றால் சொல் இன்னும் உடைந்தது. கோபத்தைக் குரலில் காட்ட முடியாது, அதனால் நேரத்தில் காட்டுவது என்று கண்டுபிடித்தோம். யாராவது இடையில் புகுந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவது. கமரா வந்த நாளில் எனக்குத் தற்செயலாக நடந்ததை மிஸ் ஒரு பாடமாக எழுதினார். அடுத்த தடவை மாமி வீட்டுக்கு வந்து ஏதோ சொன்னபோது, நான் அவருடைய சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "மாமி, எனக்கு வாய்... இருக்கு. மெதுவா... வரும். நில்லுங்க." மாமி நின்றார். நான் சொல்லி முடிக்க எடுத்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது எங்கள் இருவருக்குள்.

கொப்பி முக்கால்வாசி நிரம்பியபோது பஸ்மினா மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. வேறு மாவட்டம். எங்கள் அறையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். பதிலுக்கு ஆள் இல்லை. மிஸ்ஸைத் திருப்பித் தரும்படி நாங்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, இடமாற்றம் போட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். பதில் வரவில்லை. ஆகவே புளியந்தீவில் இருந்த அந்த அலுவலகத்துக்கு நானும் றிஸ்வானும் நேரில் போனோம். அம்மா கூட வந்தார். அதிகாரி அம்மாவுக்கு மட்டும் கதிரையைக் காட்டினார்.

"பிள்ளையள வெளிய இருத்திப்போட்டு வாங்க அம்மா, நாம கதைப்பம்."

"கதைக்க வந்தது அவதான்" என்றார் அம்மா. "நான் பஸ்ஸுக்குத் துணையா வந்தனான்."

நான் இருந்தேன். தொடங்கினேன். அவர் புகுந்தார். முதலிலிருந்து தொடங்கினேன். அவருடைய தொலைபேசி அடித்தது, எடுத்துப் பேசினார், வைத்தார். முதலிலிருந்து தொடங்கினேன். "எனக்கு விளங்குது, விளங்குது" என்றார். றிஸ்வான், "விளங்கினா ஏன் சேர் மணிக்கூட்டப் பாக்கிறீங்க?" என்றான். நான் மேசையில் தட்டவில்லை. அன்று தட்டத் தோன்றவில்லை.

"சரி, எல்லாத்தையும் எழுதித் தாங்க."

"எழுதினது... உங்கட... மேசையில... கிடக்கு."

கோப்புகளுக்கு அடியில் இருந்தது. உறை பிரிக்கப்படவில்லை. எங்கள் முன்னாலேயே பிரித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வாசித்தார். அவர் வாசித்து முடிக்க எடுத்த நேரம் நான் சொல்லி முடிக்க எடுத்ததைவிடக் குறைவு அல்ல.

கிடைத்தது கிழமையில் ஒரு நாள். வியாழக்கிழமை மட்டும், தற்காலிகமாக, பஸ்மினா மிஸ் பழைய இடத்துக்கு வந்து போகலாம். வெற்றி என்று அம்மா கட்டாருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாக வேண்டியவர்களை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றிவிட்டு, அதன் பின் பேச ஒரு நாளைக்கு மேல் தர முடியாது என்கிறார்கள். இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தற்காலிகம் என்ற சொல் எப்போது முடியும் என்று யாரும் சொல்வதில்லை. நான் உயர்தரத்துக்குத் திரும்பப் போகிறேன். பரீட்சைக்கு மேலதிக நேரம் கேட்டிருக்கிறேன். அதற்கும் பதில் இல்லை.

போன வியாழக்கிழமை பனிச்சங்கேணியிலிருந்து ஒரு புதுப் பிள்ளை வந்தாள். பதினாலு வயது. விடிய வெளிக்கிட்டு, பஸ் மாறி மாறி, தகப்பன் அவளைக் கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர். அவளுடைய தண்ணீர்ப் போத்தலைக் கைவிடாமல் பிடித்திருந்தார். மிஸ் அவளிடம் பெயர் கேட்டார். தகப்பன் சொன்னார். என்ன வகுப்பு என்று கேட்டார். தகப்பன் சொன்னார். "இஞ்ச என்ன பழக விருப்பம்?" என்று கேட்டார். "முந்தி மாதிரி நல்லாக் கதைக்கணுமாம் மிஸ்" என்றார் தகப்பன்.

மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. றிஸ்வான்கூட வாயை மூடிக்கொண்டு இருந்தான், அவனால் எப்படி முடிந்ததோ தெரியாது. அந்தப் பிள்ளையின் உதடுகள் அசைந்தன. ஒன்றும் வரவில்லை. திரும்பவும் அசைந்தன. நெற்றியில் வேர்த்தது. தகப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அப்பா..." என்றாள். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "வெளிய."

அவர் மிஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழும்பிப் போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.